ஆடிக்கும் அமாவாசைக்கும் மாறும் நினைவகம்: லினக்ஸ் இயக்கிகள் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

லினக்ஸ் கெர்னலுக்கு இயக்கிகளும் மாட்யூல்களும் எழுதிவரும் பொறியாளர்களுக்கும், அக்கெர்னலைப் பாடமாகப் பயிலும் மாணவர்களுக்கும்,



இயங்குதளத்தின் கருவாகிய கெர்னல் தன் நினைவகத்தில் வைத்திருக்கும் தரவுகளை, அவை எத்தனை முறை மாறுகின்றன என்ற ஒரே அளவுகோலைக் கொண்டு பிரித்தால், ஒருபோதும் மாறாதவை ஒரு பக்கமும் ஓயாமல் மாறுபவை மறு பக்கமும் நிற்க, இரண்டுக்கும் நடுவே ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் மட்டும் மாறும் ஒரு கூட்டம் எஞ்சுவதைக் காணலாம். மிகக் குறைவாக வழங்கும் சொல்வடிவத்தை இலக்கண நூலார் அருகிய வழக்கு என்பர். அதே பொருளில் இக்கூட்டத்தை ‘அருகி எழுதப்படும் நினைவகம்’ என்று இம்மடல் குறிக்கும். ஒருபோதும் மாறாதவற்றுக்கு வன்பொருளே பூட்டுப் போட்டுத் தருகிறது. ஓயாமல் மாறுபவற்றுக்குப் பூட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. நடுவில் நிற்கும் கூட்டமோ, என்றோ ஒருநாள் எழுதப்பட வேண்டியிருக்கிறது என்ற ஒரே காரணத்தால், எழுதப்படாத மற்றெல்லா நாள்களிலும் திறந்தே கிடக்கிறது. இந்நிலையை மாற்றுவதற்கான முதல் அடியைக் கெர்னலின் மையப் பகுதியைப் பராமரிப்போர் எடுத்துவைக்க இயலாது என்பதும், தரவை அறிவித்தவரே அது எப்போது, யாரால் மாற்றப்படும் என்பதை அறிந்தவர் ஆகையால் அந்த அடி இயக்கி எழுதுவோரிடமிருந்தே தொடங்க வேண்டும் என்பதும் இம்மடல் முன்வைக்கும் கருத்து.

பூட்டு எவ்வாறு இயங்குகிறது என்பதை முதலில் காண்பது நலம். 64 பிட் நிலையில் இயங்கும் எக்ஸ்86 வகைச் செயலிகள் நினைவகத்தை 4096 பைட் கொண்ட பக்கங்களாகப் பகுத்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் பக்க அட்டவணையில் 8 பைட் நீளமுள்ள ஒரு பதிவை வைத்துக்கொள்கின்றன. அப்பதிவிலுள்ள பிட்களில் ஒன்று அப்பக்கத்தில் எழுதலாமா கூடாதா என்பதையும், 2003இல் ஏஎம்டி64 கட்டமைப்புடன் வந்த மற்றொன்று அப்பக்கத்திலுள்ளதைக் கட்டளையாக இயக்கலாமா கூடாதா என்பதையும் தீர்மானிக்கின்றன. ஆனால் 80386 செயலியில் எழுதக்கூடாது என்ற தடை பயனர் நிரல்களுக்கு மட்டுமே பொருந்தியது. கெர்னல் நிலையில் இயங்கும் நிரல் அத்தடையைச் சற்றும் பொருட்படுத்தாமல் எங்கும் எழுத முடிந்தது. 1989இல் வெளிவந்த 80486 செயலியில்தான் சிஆர்0 எனப்படும் கட்டுப்பாட்டுப் பதிவகத்தில் டபிள்யூபி என்னும் எழுத்துக்காப்பு பிட் சேர்க்கப்பட்டது. அது 1 என்றிருக்கும்வரை கெர்னலும் தன் சொந்தப் பக்கங்களின் தடைக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். தன் கையைத் தானே கட்டிக்கொள்ளும் இந்த ஏற்பாடு விந்தையாகத் தோன்றலாம். ஆயினும், கெர்னலில் உள்ள வழு ஒன்றைப் பயன்படுத்திக்கொள்ளும் தாக்குநர் எழுதுவது கெர்னலின் கையைக் கொண்டுதான் என்பதால், அக்கையைக் கட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை.

லினக்ஸ் இந்த வசதியை நெடுங்காலம் அரைமனத்துடனேயே பயன்படுத்தியது. மாறாத தரவுகளை ஒரே பகுதியில் திரட்டி, கெர்னல் தொடங்கி முடிந்ததும் அப்பகுதியை ‘படிக்க மட்டும்’ என்று குறிக்கும் வசதி எக்ஸ்86 கெர்னலில் 2006இல் சேர்ந்தபோது அதற்கு வைக்கப்பட்ட பெயர் ‘டீபக் ரோடேட்டா’ என்பதாகும். வழு தேடும் கருவி என்று பொருள்படும் இப்பெயர், பாதுகாப்புக்கு இன்றியமையாத ஒன்றை விருப்பமிருந்தால் இயக்கிக்கொள்ளும் துணைக்கருவிபோல் காட்டியது. பத்தாண்டுகள் கழித்து, 2016இல் வெளிவந்த 4.6 பதிப்பில்தான் எக்ஸ்86இல் அது கட்டாயமாக்கப்பட்டது, அதற்கடுத்த ஆண்டு 4.11 பதிப்பில் பெயரும் திருத்தப்பட்டது. முறைமை அழைப்புகளின் அட்டவணை, அதாவது பயனர் நிரல் கெர்னலிடம் கோப்பைத் திற என்றோ தரவை எழுது என்றோ கேட்கும்போது எந்தச் செயற்கூறு இயங்க வேண்டும் என்பதைச் சொல்லும் முகவரிப் பட்டியல், இன்று இப்பூட்டுக்குள் இருக்கிறது. ஒருகாலத்தில் ரூட்கிட் எனப்படும் மறைவு நிரல்கள் பலவும் முதலில் கை வைத்தது அந்த அட்டவணையில்தான்.

மாறாதவை பூட்டுக்குள் சென்றபின் தாக்குநரின் கவனம் பூட்டப்படாத தரவின்மேல் திரும்பியது இயல்பே. அதிலும், கெர்னலின் கட்டளைப் பகுதியில் எழுத முடியாமற்போனதும், பயனர் பக்கங்களிலுள்ள கட்டளைகளைக் கெர்னல் நிலையில் இயக்குவதையும் பயனர் தரவைக் கெர்னல் தவறிப் படிப்பதையும் தடுக்கும் வசதிகள் செயலிகளிலேயே வந்துசேர்ந்ததும், கட்டளை எதையும் புகுத்தாமல் ஏதோ ஒரு மாறியின் மதிப்பை மட்டும் திருத்திக் காரியம் சாதிக்கும் தாக்குதல்களைப் பெருக்கின. இதற்கு ‘மோட்புரோப் பாத்’ என்னும் 256 பைட் எழுத்துச்சரத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. கெர்னலுக்குத் தன்னிடம் ஏற்றப்படாத ஒரு மாட்யூல் தேவைப்படும்போது, அதை ஏற்றித் தருவதற்காகப் பயனர் தளத்திலுள்ள ஒரு நிரலை ரூட் அதிகாரத்துடன் இயக்குகிறது. அந்நிரல் எந்தக் கோப்பில் உள்ளது என்பதைச் சொல்வதே இச்சரம். பெரும்பாலான கணினிகளில் இதன் மதிப்பு கணினி இயங்கத் தொடங்கியது முதல் நிறுத்தப்படும்வரை ‘எஸ்பின்’ அடைவிலுள்ள மோட்புரோப் நிரலாகவே இருக்கும். நிர்வாகி விரும்பினால் ‘புரோக்’ கோப்புமுறையின் வழியே மாற்றிக்கொள்ளலாம் என்ற சலுகைக்காக அது எழுதத்தக்க நினைவகத்தில் இருக்கிறது. கெர்னலில் எங்கோ ஒரு வழுவைக் கண்டு, தான் விரும்பிய முகவரியில் சில பைட்களை எழுதும் ஆற்றலைப் பெற்ற ஒருவர், இச்சரத்தைத் தற்காலிக அடைவிலுள்ள தன் சொந்தக் கோப்பின் பெயராக மாற்றிவிட்டு, இல்லாத மாட்யூல் ஒன்றைக் கெர்னல் தேடும்படி செய்தால் போதும். கெர்னலே அவருடைய கோப்பை ரூட் அதிகாரத்துடன் இயக்கிக் கொடுத்துவிடும். எத்தனை நிர்வாகிகள் இச்சரத்தைத் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் மாற்றியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தால், கொடுத்த சலுகைக்கும் கொள்ளும் இழப்புக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு விளங்கும். 2017இல் இதற்கு ஒரு மாற்றுவழி சேர்க்கப்பட்டது: கெர்னல் இயக்கும் துணைநிரல்கள் யாவும் தொகுக்கும்போதே நிலைநிறுத்தப்பட்ட ஒரே கோப்பின் வழியாகத்தான் செல்ல வேண்டும் என்றும், எதை இயக்குவது என்பதை அக்கோப்பே முடிவுசெய்ய வேண்டும் என்றும் கெர்னலைத் தொகுப்பவர் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் அது தேர்வாக மட்டுமே உள்ளது.

இதனினும் படிப்பினை மிகுந்தது எஸ்இலினக்ஸ் என்னும் பாதுகாப்பு மாட்யூல் தொடர்பான நிகழ்வு. லினக்ஸில் பாதுகாப்பு மாட்யூல்கள், கெர்னலின் முக்கியமான செயல்கள் ஒவ்வொன்றுக்கும் முன்னே ‘இதை அனுமதிக்கலாமா’ என்று கேட்கும் கொக்கிகளாக, அதாவது செயற்கூறுகளின் முகவரிகளைத் தாங்கிய பட்டியல்களாக அமைந்துள்ளன; அப்பட்டியலைத் திருத்த முடிந்தவர் காவலரையே பணிநீக்கம் செய்துவிட்டவர் ஆவார். இப்பட்டியல்கள் கெர்னல் தொடங்கும்போது ஒருமுறை நிரப்பப்பட்டபின் மாற வேண்டியதில்லை என்பதால், 2017இல் 4.12 பதிப்பில் அவை தொடக்கத்துக்குப் பின் பூட்டப்பட்டன. எனினும் ஒரு விலக்கு வேண்டியிருந்தது. எஸ்இலினக்ஸ் வேண்டாம் என்று ஓர் அமைவுக்கோப்பில் எழுதிவைத்தால், கணினி தொடங்கும் வேளையில், பாதுகாப்புக் கொள்கை ஏற்றப்படுவதற்கு முன், அம்மாட்யூல் தன் கொக்கிகளைத் தானே கழற்றிக்கொண்டு விலகும் வசதி அக்காலத்தில் இருந்தது. கெர்னலின் தொடக்க அளபுருவில் ஒரு சொல்லைச் சேர்த்தாலே அடையக்கூடிய அதே பயனை அமைவுக்கோப்பு வழியாகவும் அடைய விரும்பியவர்களுக்காக, அவ்வசதியுடன் தொகுக்கப்பட்ட கெர்னல்களில் பாதுகாப்புக் கொக்கிகள் அனைத்தும், எஸ்இலினக்ஸுக்கு உரியவை மட்டுமன்றி எல்லா மாட்யூல்களுக்கும் உரியவை, கணினி ஓடும் காலம் முழுவதும் எழுதத்தக்க நிலையிலேயே விடப்பட்டன. 2023இல் 6.4 பதிப்பில் அவ்வசதியே நீக்கப்பட்ட பிறகுதான் அவ்விலக்கும் மறைந்தது. வாழ்நாளில் அதிகம்போனால் ஒருமுறை, அதுவும் முதல் சில நொடிகளுக்குள் நிகழக்கூடிய ஓர் எழுத்துக்காக ஆறு ஆண்டுகள் ஒரு கதவு மூடப்படாமல் நின்றது. அதை மூடியது புதிய பூட்டு எதுவுமன்று, அந்த எழுத்து தேவையே இல்லை என்ற முடிவுதான்.

தொடக்கத்தில் மட்டும் மாறுபவற்றுக்குரிய வழி ஏற்கெனவே எளிதாகக் கையில் உள்ளது. பாக்ஸ் என்னும் பாதுகாப்புத் திட்டம் 2000ஆம் ஆண்டு முதல் வளர்த்துவந்த எண்ணங்களிலிருந்து எடுக்கப்பட்டு, கெர்னல் தற்காப்புத் திட்டத்தை 2015இல் தொடங்கிய கீஸ் குக்கின் முயற்சியால் 4.6 பதிப்பில் சேர்ந்த ‘ஆர்ஓ ஆஃப்டர் இனிட்’ என்னும் குறி, ஒரு மாறி தொடக்கத்தின்போது எழுதத்தக்கதாகவும் அதன்பின் படிக்க மட்டும் உரியதாகவும் இருக்க வேண்டும் என்பதை அறிவிக்கிறது. அக்குறியுள்ள மாறிகளை லிங்கர் எனப்படும் இணைப்பி ஒரே இடத்தில் திரட்டிவைக்க, கெர்னல் முதல் பயனர் நிரலை இயக்குவதற்குச் சற்று முன்பாக அவ்விடம் முழுவதும் பூட்டப்படுகிறது. மாட்யூல்களுக்கும் இவ்வசதி 2016லேயே 4.8 பதிப்பில் வந்துவிட்டது. மாட்யூலின் தொடக்கச் செயற்கூறு முடிந்தவுடன் அதன் குறியிட்ட மாறிகள் பூட்டப்படும். ஒரு சொல்லைச் சேர்ப்பதற்கு மேல் இதற்கு உழைப்பு வேண்டியதில்லை. எனினும் இயக்கிகளின் நிரல்களைப் புரட்டினால், தொடக்கத்தில் ஒதுக்கப்பட்டு அதன்பின் என்றும் மாறாத பணிவரிசைச் சுட்டுகளும், மாட்யூல் அளபுருக்களும், கேச் பெயர்களும் குறி ஏதுமின்றி நிற்பதை எளிதில் காணலாம். பெயரொற்றுமையால் மயங்கி ‘ரீட் மோஸ்ட்லி’ என்னும் வேறொரு குறியை இட்டுவிட்டு மன நிறைவு கொள்வோரும் உண்டு. அது அடிக்கடி படிக்கப்படும் மாறிகளை அடிக்கடி எழுதப்படும் மாறிகளின் அருகிலிருந்து விலக்கிவைத்து வேகத்தைக் கூட்டுவதற்கான குறியேயன்றி, அதற்கும் காப்புக்கும் எத்தொடர்பும் இல்லை.

குறியிடுவதில் ஓர் இடர் இருப்பதையும் மறைப்பதற்கில்லை. தொடக்கத்தில் மட்டும் எழுதப்படும் என்று எண்ணிய மாறி, மடிக்கணினி உறங்கி விழிக்கும்போதோ, செயலியின் ஒரு கோர் நிறுத்தப்பட்டு மீண்டும் இயக்கப்படும்போதோ, கருவி ஒன்று பிடுங்கி மறுபடி செருகப்படும்போதோ திரும்பவும் எழுதப்படுமானால், அந்நொடியில் பக்கத்தடை மீறப்பட்டுக் கெர்னல் நிலைகுலையும். சோதனை மேசையில் ஒருமுறைகூட உறங்கவிடப்படாத கணினியில் இக்குறை தென்படாது. ஆகவே குறியிடுமுன், அம்மாறி இடப்பக்கத்தில் நிற்கும் ஒவ்வொரு வரியையும், அதன் முகவரி எடுத்துச்செல்லப்படும் ஒவ்வோர் இடத்தையும் தேடிப் படிப்பது கடமை. அப்படித் தேடிப் படிப்பதன் பயன், மாறி உண்மையில் எத்தனை இடங்களில் எழுதப்படுகிறது என்பதை அதை உருவாக்கியவரே பல வேளைகளில் முதன்முறையாக அறிந்துகொள்கிறார் என்பதுதான்.

தொடக்கத்துக்குப் பின்னும் எப்போதாவது மாற வேண்டியவை என்ற கூட்டத்துக்கு வரும்போதுதான் சிக்கல் முற்றுகிறது. வன்பொருளின் பூட்டு பக்கத்துக்குரியது, மாறிக்குரியதன்று. 8 பைட் சுட்டு ஒன்றைக் காக்க வேண்டுமானாலும் 4096 பைட் முழுவதையும் பூட்டியாக வேண்டும், அப்பக்கத்தில் அதனுடன் குடியிருக்கும் பிற தரவுகள் ஓயாமல் மாறுபவையாக இருந்தால் பூட்டுவதற்கே வழியில்லை. கெர்னல் ஓடும்போது நினைவகம் ஒதுக்கும் முறையோ, பயனை நோக்காது அளவை மட்டுமே நோக்கி, ஒத்த அளவுள்ள பொருள்களை ஒரே பக்கத்தில் அடுக்குகிறது. ஒரே கட்டமைப்புக்குள்ளேயே இருவகையும் கலந்திருப்பது இதனினும் கடினம்: ஒரு செயலாக்கத்தின் உரிமைகளைத் தாங்கும் ‘கிரெட்’ என்னும் கட்டமைப்பில், பயனர் எண் முதலிய விவரங்கள் அமைந்தபின் பெரும்பாலும் மாறுவதில்லை, ஆனால் அதை எத்தனை பேர் தாங்கியிருக்கிறார்கள் என்று எண்ணும் பயன்பாட்டு எண்ணி நொடிக்குப் பலமுறை மாறுகிறது. பயனர் எண்ணைப் பூச்சியமாக்குவதே ரூட் அதிகாரம் பெறுவதற்கான மிகக் குறுகிய வழி என்பதால், சாம்சங் தன் கைபேசிகளின் கெர்னலில் இக்கட்டமைப்பைக் காக்க முனைந்தபோது, அந்த எண்ணியைக் கட்டமைப்பிலிருந்து பிரித்து வெளியே வைக்க வேண்டியிருந்தது. கட்டமைப்புகளை வகுக்கும்போது, ஒன்றோடொன்று தொடர்புடையவை எவை என்று மட்டும் கேட்காமல், ஒரே வேகத்தில் மாறுபவை எவை என்றும் கேட்பார்களானால் இத்தகைய அறுவை மருத்துவம் பின்னாளில் தேவைப்படாது.

தரவைப் பூட்டினாலும் அதைச் சுட்டும் முகவரியைப் பூட்டாவிட்டால் பயனில்லை என்பது அடுத்த சிக்கல். பாதுகாப்புக் கொள்கையின் அட்டவணை முழுவதும் படிக்க மட்டும் உரிய பக்கங்களில் இருந்தாலும், அவ்வட்டவணை எங்கே உள்ளது என்று சொல்லும் சுட்டு எழுதத்தக்கதாக இருந்தால், தாக்குநர் போலி அட்டவணை ஒன்றைத் தன் வசமுள்ள நினைவகத்தில் அமைத்து, சுட்டை அதன்பால் திருப்பிவிடுவார். பூட்டிய அசல் அட்டவணை தீண்டுவாரின்றிப் பத்திரமாக இருக்கும். சங்கிலியின் மேற்கண்ணி வரை காப்பு செல்ல வேண்டும், அம்மேற்கண்ணியோ பெரும்பாலும் அருகி எழுதப்படுவது. ஹுவாவே நிறுவனத்தைச் சார்ந்து இயங்கிய இகோர் ஸ்டொப்பா 2017இல் முன்வைத்த ‘பிஎம்அலாக்’ என்னும் ஒதுக்கீட்டு முறை, தரவுகளைத் தனித் தொகுதியில் நிரப்பிவிட்டுப் பின் பூட்டுவதாக மட்டும் இருந்து, 2018இல் ‘பிஆர்மெம்’ என்று விரிவடைந்தபோது பூட்டிய தரவை முறைப்படி திருத்தும் செயற்கூறுகளையும் சேர்த்துக்கொண்டதற்கு இதுவே காரணம். அம்முயற்சி பிரதான கெர்னலில் சேரவில்லை. பட்டியல், எண்ணி, சுட்டு என்ற ஒவ்வொரு தரவு வகைக்கும் தனித்தனியே ‘அருகி எழுதும்’ வடிவம் வேண்டும் என்ற அதன் தேவை, கெர்னல் முழுவதும் பரவலாக நிரல் மாற்றத்தைக் கோரியது. மாற்றத்தைக் கேட்கும் இயக்கிகளோ அப்போது வரிசையில் நிற்கவில்லை.

பூட்டியதை ஒருமுறை திறந்து எழுதி மூடுவது எப்படி என்ற கேள்விக்கு மூன்று விடைகள் முன்வைக்கப்பட்டுள்ளன. பக்க அட்டவணைப் பதிவைத் திருத்தி, எழுதி, மீண்டும் திருத்துவது முதலாவது. இதில் அப்பக்கம் திறந்திருக்கும் இடைவேளையில் எல்லாக் கோர்களுக்கும் திறந்திருக்கிறது என்பதோடு, ஒவ்வொரு கோரும் முகவரி மாற்றங்களை நினைவில் வைத்திருக்கும் டிஎல்பி என்னும் சிறு கேச்சில் உள்ள பழைய பதிவைத் துடைக்கச் சொல்லி அனைத்துக்கும் குறுக்கீடு அனுப்ப வேண்டியிருப்பதால், பல கோர்கள் கொண்ட கணினியில் செலவும் கூடுகிறது. சிஆர்0 பதிவகத்தின் எழுத்துக்காப்பு பிட்டை ஒரு கணம் அணைத்துவிட்டு எழுதுவது இரண்டாவது. பாக்ஸ் கையாண்டதும், 2017இல் கீஸ் குக் வெளியிட்ட ‘ரேர் ரைட்’ வரைவில் எக்ஸ்86க்கு முதலில் காட்டப்பட்டதும் இதுவே. அந்தக் கோருக்கு மட்டும் உரியது, மிக விரைவானது என்ற இரு சிறப்புகள் இதற்கு உண்டு. ஆனால் வைகுண்ட ஏகாதசிக்குப் பரமபத வாசலைத் திறக்கச் சொன்னால், கோயிலின் கருவூலம் முதல் மடைப்பள்ளி வரை எல்லாக் கதவுகளையும் சேர்த்துத் திறந்துவிடும் ஏற்பாடு இது: அந்தக் கணத்தில் அந்தக் கோரைப் பொறுத்தவரை முறைமை அழைப்பு அட்டவணையும் கெர்னல் கட்டளைப் பகுதியும் உட்பட அனைத்தும் எழுதத்தக்கவை ஆகிவிடுகின்றன. அன்றியும், அந்த பிட்டை அணைக்கும் செயற்கூறு கெர்னலில் இருப்பதே, கட்டளை ஓட்டத்தைத் திசைதிருப்பும் ஆற்றல் பெற்ற தாக்குநருக்கு ஆயத்தமான கருவியாகும். இந்த அச்சம் காரணமாகவே 2019இல் வெளிவந்த 5.3 பதிப்பில் அந்த பிட் ஆணியடிக்கப்பட்டது; சிஆர்0 பதிவகத்தில் எழுதும் செயற்கூறு, எழுத்துக்காப்பு அணைந்திருப்பதைக் கண்டால் எச்சரிக்கை ஒன்றைப் பதிந்துவிட்டு அதைத் தானே மீண்டும் இயக்கிவிடுகிறது. வெளியே விற்கப்படும் சில மாட்யூல்களில் இன்றும் அந்த பிட்டை நேரடிக் கட்டளையால் அணைத்து எழுதும் பழக்கம் எஞ்சியிருப்பதாகில், அதைக் கைவிடுமாறு இம்மடல் வெளிப்படையாகவே கேட்டுக்கொள்கிறது.

மூன்றாவது விடையே இம்மடலின் மதிப்பீட்டில் மிகச் சிறந்தது. எழுத வேண்டிய பௌதிகப் பக்கத்துக்கு, வேறெங்கும் பயன்படாத ஒரு தனி முகவரிவெளியில், எழுதத்தக்க இரண்டாவது முகவரி ஒன்றை அமைத்து, குறுக்கீடுகளை நிறுத்தி, அந்தக் கோரை மட்டும் அம்முகவரிவெளிக்கு மாற்றி, எழுதி முடித்ததும் திரும்பி வந்துவிடுவது இதன் நெறி. அசல் முகவரியில் பூட்டு ஒரு கணமும் திறக்கப்படுவதில்லை. எழுதத்தக்க முகவரி வேறு எந்தக் கோருக்கும் தெரிவதில்லை. டிஎல்பியைத் துடைப்பதும் அந்தக் கோருடன் முடிந்துவிடுகிறது. கெர்னல் தன் சொந்தக் கட்டளைகளை ஓடும்போதே திருத்திக்கொள்வதற்கு இம்முறை 2019இல் 5.2 பதிப்பில் எக்ஸ்86இல் நடைமுறைக்கு வந்துவிட்டது, அதாவது கட்டளைப் பகுதியைப் பொறுத்தவரை அருகி எழுதும் சிக்கல் ஏறத்தாழத் தீர்ந்துவிட்டது. தரவுப் பகுதிக்கும் அதை நீட்டிப்பதில் நுட்பத் தடையைவிட, யார் யாருக்காக நீட்டிப்பது என்ற தெளிவின்மையே பெரிது. ஒரே பௌதிகப் பக்கம் இரு முகவரிகளில் தெரியக்கூடும் என்ற இதே உண்மை எதிர்த்திசையிலும் வேலை செய்யும் என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்: லினக்ஸ் பௌதிக நினைவகம் முழுவதையும் நேர்வரைபடம் என்ற பகுதியில் ஒருமுறை தொடர்ச்சியாகப் படம்பிடித்து வைத்திருப்பதால், ஒரு பக்கத்தை அதன் வழக்கமான முகவரியில் பூட்டிவிட்டு நேர்வரைபடத்தில் திறந்தே விடும் காப்பு, வாசலைப் பூட்டிக் கொல்லையைத் திறந்துவைத்த வீடுதான்.

இன்டெல் செயலிகளில் வந்துள்ள கெர்னல் நிலைக் காப்புச் சாவிகள் நான்காவது விடையாக அமைந்திருக்கலாம். பக்கங்களுக்கு 16 சாவிகளில் ஒன்றை ஒதுக்கி, ஒவ்வொரு சாவிக்குரிய எழுத்துரிமையையும் கோர்வாரியாக ஒரு பதிவகத்தில் திறக்கவும் மூடவும் அவை இடமளிக்கின்றன. பக்க அட்டவணையைத் தொட வேண்டியதில்லை, டிஎல்பியைத் துடைக்க வேண்டியதில்லை, மற்ற கதவுகளும் திறப்பதில்லை. ஆயினும் அவற்றை லினக்ஸில் சேர்க்க 2022 வரை பலமுறை திருத்தி அளிக்கப்பட்ட நிரல்கள், அவற்றைப் பயன்படுத்தும் உறுதியான நுகர்வோர் இல்லாத நிலையில், பிரதான கெர்னலில் இடம்பெறாமல் நின்றன.

இவையெல்லாவற்றுக்கும் எதிராக ஒரு தடை எழுப்பப்படுவதுண்டு, அது நேர்மையானதும்கூட. தாக்குநருக்கு விரும்பிய இடத்தில் எழுதும் ஆற்றல் இருக்குமானால், அவர் பூட்டிய மாறியைத் தொடாமல் அதைப் பூட்டிய பக்க அட்டவணைப் பதிவையே திருத்திவிடலாமே என்பது அத்தடை. இதற்கு முழுமையான விடை கெர்னலுக்குள் இல்லை. கெர்னலுக்குக் கீழே ஹைப்பர்வைசர் என்னும் மேற்பார்வை நிரல் ஒன்று இரண்டாம் அடுக்குப் பக்க அட்டவணையைத் தன்வசம் வைத்திருந்தால் மட்டுமே, கெர்னல் முற்றிலும் தாக்குநர் வசமானாலும் பூட்டு நிலைக்கும். மைக்ரோசாஃப்ட் 2020இல் விண்டோஸ் 10க்கு அறிவித்த கெர்னல் தரவுக் காப்பு இவ்வகையினது. இயக்கி எழுதுவோர் தம் தரவுப் பகுதி ஒன்றை நிலையாகப் பூட்டவோ, பாதுகாத்த தொகுதியிலிருந்து நினைவகம் பெற்று ஒருமுறை நிரப்பவோ அது வழிசெய்கிறது. எனினும், மேற்பார்வை நிரல் இல்லாத கணினிகளில் பூட்டே வேண்டாம் என்று இத்தடையிலிருந்து முடிவுகட்டுவது தவறு. பெரும்பாலான வழுக்கள் தாக்குநருக்குத் தருவது எங்கும் எதையும் எழுதும் முழு ஆற்றலன்று. ஒரு சில பைட்கள், தேர்ந்தெடுக்க இயலாத மதிப்பு, ஒரே ஒரு வாய்ப்பு என்ற அளவிலேயே பல நின்றுவிடுகின்றன. தெரிந்த இடத்திலுள்ள சரமொன்றை மாற்றினால் போதும் என்ற நிலைக்கும், இடம் தெரியாத பக்க அட்டவணைப் பதிவைத் தேடிக் கண்டு, பிழையின்றித் திருத்தி, டிஎல்பி துடைக்கப்படும்வரை காத்து, பிறகே மாறியை மாற்ற வேண்டும் என்ற நிலைக்கும் உள்ள தொலைவு சிறிதன்று.

இந்நிலையில் இயக்கி எழுதுவோரிடம் இம்மடல் வேண்டுவது பெரும்பாலும் புதிய நுட்பத்தைச் சார்ந்ததன்று. செயற்கூறுச் சுட்டுகளைத் தாங்கும் கட்டமைப்புகள் ‘கான்ஸ்ட்’ என்ற குறியின்றி அறிவிக்கப்படும்போது கெர்னலுடன் வரும் சோதனை நிரலே எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையை அலங்காரக் குறையாகக் கருதித் தள்ளும் வழக்கம் நிற்க வேண்டும். கருவி வகைக்கேற்பச் செயற்கூறு ஒன்றை ஓடும்போது மாற்றிவைப்பதற்காகக் கட்டமைப்பு முழுவதையும் எழுதத்தக்கதாக வைப்பதைவிட, வகைக்கொன்றாக மாறாத கட்டமைப்புகளை அறிவித்து அவற்றுள் ஒன்றைத் தேர்வது நினைவகத்தில் சில நூறு பைட்களே கூடுதல் செலவாகும். ஓடும்போது எப்போதாவது மாறும் இருநிலைத் தேர்வுகளுக்கு, மாறியைப் படித்து முடிவெடுப்பதற்குப் பதிலாகக் கட்டளையையே திருத்திவிடும் நிலைச்சாவிகளும், 2020இல் 5.10 பதிப்பில் வந்த நிலை அழைப்புகளும் உள்ளன. வேகத்துக்காகவே படைக்கப்பட்ட அவை, அருகி மாறும் முடிவைப் பூட்டிய கட்டளைப் பகுதிக்குள் கொண்டுசேர்ப்பதால் காப்பையும் உடன் தருகின்றன. பாதுகாப்புக் கொக்கிகள் 2024இல் 6.12 பதிப்பில் நிலை அழைப்புகளுக்கு மாறியது இதற்குச் சான்று. வேகம் கேட்டவர்களும் காப்புக் கேட்டவர்களும் ஒரே மாற்றத்தை வரவேற்ற அரிய நிகழ்வுகளில் அது ஒன்று. இவற்றுள் எதிலும் அடங்காத மாறியைப் பற்றி, நிர்வாகி இதை ஓடும்போது மாற்ற இயல வேண்டும் என்பது உண்மைத் தேவையா, எழுதிய நாளில் எளிதாக இருந்ததால் சேர்த்த வசதியா என்று கேட்டு, பின்னதாயின் அவ்வசதியை நீக்கிவிடலாம்.

அப்படியும் எஞ்சுபவை இருக்கும். அவற்றின் அறிவிப்புக்கு மேலே, எந்தச் செயற்கூறு, எந்த நிகழ்வின்போது, எந்த ஒத்திசைவுப் பூட்டைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறது என்பதை ஒரு வரியில் குறித்து, எழுதும் இடங்களை ஒரே செயற்கூறுக்குள் ஒடுக்கிவைத்தால், தனி முகவரிவெளி வழியாகவோ காப்புச் சாவி வழியாகவோ தரவுக்கான பொது வழிமுறை ஒன்று பிரதான கெர்னலில் சேரும் நாளில், அச்செயற்கூற்றின் உடலில் ஒரு வரியை மாற்றினால் போதுமானதாகும். அதைவிட முக்கியமாக, இத்தகைய வழிமுறையைக் கேட்பவர் யார் என்று பராமரிப்போர் மறுபடி கேட்கும்போது காட்டுவதற்கு ஒரு பட்டியலும் இருக்கும்.